பற்றரி கழட்டிக் கிடக்கு

அந்தக் காரை நாங்கள் கண்டெடுத்தபோது அதன் அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு பனை வடலி வளர்ந்து நின்றது. ஓட்டுநர் இருக்கை இருந்த இடத்தில் ஓலை விரித்திருந்தது. புங்குடுதீவு மடத்துவெளியில் என் பெரியப்பாவின் வீட்டு வளவு அது. பெரியப்பா இலங்கையின் தென்பகுதியில் கடை வைத்திருந்தவர். தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் அந்தக் காரை வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு சீலை மட்டும். அங்கே தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது கடையைக் கைவிட்டு வந்த பெரியப்பா காரை மட்டும் எப்படியோ தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு போரில் தீவே இடம்பெயர்ந்து போனது. கொட்டில் சரிந்து காரின் மேல் விழுந்தது. மிச்சத்தை உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.

நான் லண்டனில் ஒரு பஸ் கராஜில் இருபத்தெட்டு வருடம் மின்வேலை செய்தவன். ஓய்வு பெற்றதும் மனைவியுடன் ஊருக்கு வந்தேன். வீட்டைத் திருத்திக்கொண்டு இருப்பதுதான் எண்ணம். வளவைத் துப்புரவு செய்யும்போது கார் வெளிப்பட்டது. அதன் பிறகு வீடு பாதியில் நின்றது.

பக்கத்து வளவுக்காரர்தான் வடலியை வெட்ட வந்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். கொஞ்சம் தோட்டம், இரண்டு மாடு, யாராவது கேட்டால் பனை தறித்துக் கூரைக்குச் சிலாகை போட்டுக் கொடுப்பது, இவைதான் அவர் தொழில். மனைவி பால் கறந்து வீடுகளுக்குக் கொடுப்பார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. நான் கோடாலியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

“வேரோட இழுத்தா தகடும் சேந்து வந்திடும் அண்ணை. இதை அரிஞ்சுதான் எடுக்கவேணும்.”

இரண்டு நாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கைவாளால் துண்டு துண்டாக அரிந்து எடுத்தார். கூலி கொடுக்கப் போனபோது, ஓடத் தொடங்கியதும் ஒரு தரம் ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்றார்.

ஓடுவதற்கு இரண்டரை வருடம் எடுத்தது. அடித்தகடு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, வேலணையிலிருந்து ஒரு வெல்டிங்காரரைக் கூட்டிவந்து புதுத் தகடு வைத்தேன். எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்து ஒவ்வொரு சாமானாகக் கழுவினேன். கிடைக்காதவற்றை லண்டனில் இருக்கும் மகள் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினாள். பழைய காரைப் பழையபடியே வைத்திருக்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படியல்ல. மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் பழையபடி விட என் கை கேட்காது. வயர் முழுவதையும் மாற்றினேன். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டனேற்றர் போட்டேன். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, சின்னதாக இரண்டு பற்றரிகள் வைத்துத்தான் அந்தக் காரைச் செய்திருந்தார்கள். அதை மாற்றி ஒரே பற்றரியாக்கினேன். மேலே மூடி, மூடிக்கு மேலே கம்பளம். வெளியே நின்று பார்க்கிறவருக்குப் பற்றரி எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

நிறம் கடும்பச்சை. இருக்கைகளுக்கு மட்டும் பால்வெள்ளையில் தோல் போட்டேன். யாழ்ப்பாணத்தில் சீற் தைக்கும் ஒருவரிடம் மூன்று தரம் அவிழ்த்துத் தைக்கச் சொன்னேன். பூட்டிய நாளில் மனைவி உட்காரப் போக, “உடுத்திருக்கிற சீலையைத் தட்டிப்போட்டு இரும்” என்றேன்.

“இதில இருக்கிறதெண்டா முழுகிப்போட்டெல்லோ வரவேணும்” என்றவர் உட்காராமலே போய்விட்டார்.

அடுத்த கிழமை எங்கள் உறவுக்குள் ஒரு கலியாணம் இருந்தது. மாப்பிள்ளையை அழைத்துவர என் காரைக் கேட்டிருந்தார்கள். நான் கேட்க வைத்திருந்தேன் என்பதுதான் உண்மை. படங்களை அனுப்பி, அதைச் சொல்லி, இதைச் சொல்லி, அவர்கள் வாயாலேயே கேட்கும்படி செய்திருந்தேன்.

கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்று காலை ஒன்பது மணி போலக் காரை ஸ்ராட் பண்ணினேன். சத்தம் ஒரே சீராக இருந்தது. பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். பிறகு முற்றத்து வேப்பமர நிழலில் நிறுத்தி, துணி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணியிருக்கும். பக்கத்து வளவில் ஒரு கத்தல் கேட்டது. அடுத்த நிமிடம் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வளவுக்காரரின் மனைவி ஓடிவந்தார்.

“அண்ணை, அவர் காலை வெட்டிப்போட்டார். கோடாலி சறுக்கிப்போச்சு. இரத்தம் நிக்குதில்லை. அம்புலன்சுக்கு அடிச்சனான், வர முக்கால் மணித்தியாலம் செல்லுமாம். காரை எடுங்கோ அண்ணை.”

அவருக்குப் பின்னால் பக்கத்து வளவுக்காரர் வேலிக் கதியாலைப் பிடித்துப் பிடித்து ஒற்றைக் காலில் வந்துகொண்டிருந்தார். இடது பாதத்தில் சாரம் ஒன்று சுற்றியிருந்தது. அது என்ன நிறச் சாரமென்று தெரியவில்லை. முழுவதும் சிவப்பு. சொட்டிக்கொண்டும் இருந்தது. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

நான் திரும்பி இருக்கையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். ஒரு பார்வை. அதற்குப் பிறகு என் வாய் சொன்னது:

“பற்றரி கழட்டிக் கிடக்கு, பிள்ளை.”

யோசித்துச் சொல்லவில்லை என்று எழுதினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் யோசித்தேன். ‘கார் பழுது’ என்று சொல்லாமல் ‘பற்றரி’ என்று சொன்னது ஏன்? மற்ற எந்தப் பழுதைச் சொன்னாலும் தள்ளிப் பார்ப்போமா என்று கேட்பார்கள். பற்றரியே இல்லை என்றால் பேச்சுக்கு இடமில்லை. இருபத்தெட்டு வருட வேலை அனுபவம் அந்த ஒரு கணத்தில் எனக்கு உதவிசெய்தது.

அவர் மனைவி ஒரு விநாடிகூடச் சந்தேகப்படவில்லை. “ஐயோ” என்று தலையில் கை வைத்து வீதிப்பக்கம் திரும்பினார். பக்கத்து வளவுக்காரர், “பரவாயில்லை அண்ணை, பரவாயில்லை” என்றார்.

நான் ஓடினேன். செருப்பில்லாமல், கல்லும் முள்ளும் பாராமல் வீதிக்கு ஓடினேன். அவர்களைவிட வேகமாக ஓடினேன். தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் வந்தது. வீடுகளுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் வண்டி. நடுவீதியில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தேன். ஓட்டிவந்தவர் காயத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிக் கொளுக்கியைக் கழற்றி, தண்ணீர்த் தாங்கியை அப்படியே வீதியோரம் விட்டார். பக்கத்து வளவுக்காரரைத் தூக்கிப் பின்சில்லின் மட்காட்டில் இருத்தினோம். அவர் மனைவி ஏறிப் பின்னால் நின்று அவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். உழவு இயந்திரம் குலுக்கிக் குலுக்கிப் போனது. அதற்கு மேல் வேகமாகப் போக அதனால் ஏலாது.

திரும்பி வந்தபோது என் மனைவி குசினி வாசலில் நின்றார்.

“பற்றரி எப்ப கழட்டினனீங்கள்?”

நான் குனிந்து காலில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினேன்.

“காலமை ஸ்ராட் பண்ணினனீங்களெல்லே. நான் கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்.”

வீதியில் உழவு இயந்திரத்தின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, இப்பவெண்டாலும் போங்கோ. வேலணைப் பாலத்துக்கு முதல் பிடிச்சிடலாம். மறிச்சு ஏத்துங்கோ.”

“போய் என்னெண்டு சொல்லுறது?” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். அப்படி ஒரு தரமும் பார்த்ததில்லை. ஏதோ ஒரு பழக்கமில்லாத ஆள் வாசலில் வந்து நிற்பதுபோலப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முதல் தரம் நான் பயந்துபோய்ச் சொன்னேன் என்று யாராவது எனக்காக வாதாடலாம். இந்த இரண்டாம் தரத்துக்கு யாரும் வாதாட ஏலாது. எனக்கு நேரம் இருந்தது. கார் நின்றது, சாவி பொக்கற்றுக்குள் இருந்தது. பொய் பிடிபட்டுவிடும் என்பதற்காக நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகும்வரை நின்றேன்.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்ல மிகவும் கூசுகிறது. சாமான் பெட்டியிலிருந்து ஸ்பானர் எடுத்துவந்தேன். கம்பளத்தை விலக்கி, மூடியைத் திறந்து, பற்றரியைக் கழற்றினேன். முதலில் நெகற்றிவ், பிறகு பொசிற்றிவ், கை பழகிய ஒழுங்கில். யாராவது வந்து பார்த்தால் பற்றரி இருக்கக்கூடாது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளிச் சாக்கு ஒன்றால் மூடினேன். மனைவி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பற்றரியுடன் கடந்துபோனதைக் கண்டார். தலையைக் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனோம். பக்கத்து வளவுக்காரருக்கு ஒப்பரேசன் முடிந்திருந்தது. பாதத்தின் மேல் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறார்கள், இரத்தமும் ஏற்றினார்கள் என்று அவர் மனைவி சொன்னார். என்னைக் கண்டதும் பக்கத்து வளவுக்காரர் எழும்பி உட்காரப் பார்த்தார்.

“படுத்திரும், படுத்திரும்” என்றேன்.

அவர் அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் திரும்பினார். “இவர்தான் நான் சொன்ன அண்ணை. வெறுங்காலோட றோட்டில ஓடி உழவு மெசினை மறிச்சவர். லண்டனில இருந்து வந்த மனுசன். இந்த வயதில என்ன ஓட்டம் ஓடினவர் தெரியுமே?”

அடுத்த கட்டில்காரர் எனக்குத் தலையசைத்தார். நான் தோடம்பழத்தை மேசையில் வைத்தேன்.

“காலமை உங்கட கார் ஸ்ராட் பண்ணின சத்தம் கேட்டது அண்ணை” என்றார் பக்கத்து வளவுக்காரர்.

என் மனைவி ஜன்னல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குப் பிறகாக்கும் பற்றரி கழட்டினனீங்கள். ஒரு மணித்தியாலம் முந்தியெண்டா எல்லாம் சரிவந்திருக்கும். எங்கட நேரம், என்ன செய்யிறது.”

“ஓம்” என்றேன்.

என் பொய்யில் இருந்த ஓட்டையை அவரே அடைத்துத் தந்தார். நான் செய்யவேண்டியிருந்ததெல்லாம் ஓம் போடுவது மட்டும்தான்.

வெளியே வந்து வைத்தியரைக் கண்டு, பிந்தி வந்ததால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். கோடாலி விழுந்தபோதே நரம்பு போய்விட்டது, பிந்தியதால் இரத்தம்தான் கூடப் போயிருக்கிறது, மற்றப்படி வித்தியாசம் இருந்திருக்காது என்றார். பஸ்ஸில் வரும்போது இதை மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

“டொக்டர் கோடாலியைப் பற்றித்தானே சொன்னவர்” என்றார் மனைவி. “உங்களைப் பற்றிச் சொல்லேல்லையே.”

கலியாணத்துக்குக் கார் போகவில்லை. எப்படிப் போகும்? பக்கத்து வளவுக்காரரை ஏற்ற ஓடாத கார், ஐந்து நாள் கழித்து மாப்பிள்ளையை ஏற்ற ஓடினால் ஊர் என்ன சொல்லும்? பற்றரி பழுது, லண்டனில் இருந்து வரவேண்டும் என்று உறவுக்காரரிடமும் சொன்னேன். கார் சீலை போர்த்தபடி வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. வெள்ளை இருக்கையில் ஒரு கறையும் இல்லை. நான் அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

மூன்று கிழமை போயிருக்கும். பக்கத்து வளவுக்காரர் வீடு வந்து ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் பின்னேரம் அவர் மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலையால் வந்தார். கரியரில் உரப்பையால் சுற்றி ஏதோ பாரமாகக் கட்டியிருந்தது. முகமெல்லாம் வியர்வையும் புழுதியும்.

“அண்ணை, ஒருக்கா இதைப் பிடியுங்கோ.”

அவிழ்த்துப் பார்த்தால் பற்றரி.

“என்ர தம்பி தன்ர லொறிக்குப் புதுசு போட்டவன். இது பழசெண்டாலும் இன்னும் ஒரு வருசம் பாவிக்கலாமாம். சார்ச் பண்ணித்தான் தந்தவன். இவர்தான் ஒரே கரைச்சல், அண்ணையின்ர கார் பற்றரி இல்லாமல் நிக்கிறதைப் பாக்க மனவருத்தமாக் கிடக்காம். கலியாணத்துக்கும் போக ஏலாமல் போச்சுதாம் எண்டு கேள்விப்பட்டம்.”

“எங்கயிருந்து கொண்டுவாறீர்?”

“வேலணையில இருந்துதான். பாலத்தில ஒரே காத்து, பாரத்தோட ஓட ஏலேல்லை. உருட்டிக்கொண்டுதான் வந்தனான்.”

வேலணையிலிருந்து, கடலுக்கு நடுவே போகும் அந்த நீளப் பாலம் முழுவதும், எதிர்க்காற்றில், எனக்காகப் பற்றரி உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரே காரின் சீலையை விலக்கினார். “எதுக்குள்ள வைக்கிறது அண்ணை? பூட்டி ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ. சத்தம் கேட்டா அவர் அங்கயிருந்தே சந்தோசப்படுவார்.”

நான் கம்பளத்தை விலக்கி மூடியைத் திறந்தேன். லொறிப் பற்றரி அந்தக் குழிக்குள் இறங்காது என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரியும். இருந்தும் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வைத்தேன். குறுக்கே வைத்தேன். இறங்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

“சின்னனாத்தான் வேணும் போல. பரவாயில்லை, நாளைக்குப் போய் மாத்திக்கொண்டு வாறன். ஆரிட்டயும் சின்னன் இருக்கும்.”

அவர் திரும்பவும் அந்தப் பாலத்தில் போகத் தயாராக நின்றார். அப்போதுதான் சொன்னேன். துணிந்து சொல்லவில்லை. இன்னொரு பற்றரியை அவர் கொண்டுவந்தால் எனக்கு ஓட வேறு இடமில்லை என்பதால் சொன்னேன்.

“வேண்டாம் பிள்ளை. பற்றரி வீட்டுக்குள்ளதான் கிடக்கு.”

“திருத்தியாச்சோ?”

“அது பழுதாகேல்லை. அண்டைக்கு நான் கழட்டவுமில்லை. நீர் வந்து கேட்ட நேரம் காருக்குள்ளதான் இருந்தது. நீங்கள் போனாப் பிறகுதான் கழட்டினனான்.”

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. என்னைப் பார்த்தார். மூடி திறந்து கிடந்த குழியைப் பார்த்தார். பிறகு வெள்ளை இருக்கையைப் பார்த்தார். கையை நீட்டித் தொடப்போனவர், கையில் பற்றரி ஊத்தை இருந்ததைக் கண்டு இழுத்துக்கொண்டார்.

“இதுக்கோ?” என்றார்.

நான் தலையைக் குனிந்தேன்.

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. பற்றரியைத் தூக்கினார். நான் பிடிக்கப் போனபோது, “விடுங்கோ” என்றார். தனியே தூக்கிக் கரியரில் வைத்து, உரப்பையால் சுற்றி, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். படலையடியில் நின்று திரும்பினார்.

“அவருக்குச் சொல்லாதேங்கோ.”

“நானே வந்து சொல்லுறன். சொல்லத்தான் வேணும்.”

“சொல்லாதேங்கோ எண்டு சொல்லுறன். வாற போற ஆக்களுக்கெல்லாம் அவர் அண்ணை ஓடினார், அண்ணை மறிச்சார் எண்டுதான் கதை. காலை நினைச்சு அழுற மனுசன் அந்தக் கதை சொல்லேக்க மட்டும்தான் சிரிக்கிறார். அதையும் எடுத்துப்போடாதேங்கோ. உங்களுக்கு மனம் ஆறவேணுமெண்டா வேற வழி பாருங்கோ.”

அன்று இரவு நடந்ததை மனைவியிடம் சொன்னேன். “அவள் சொன்னது சரி” என்றார். பிறகு, “இனி அவரைக் கிளினிக்குக்கு நீங்கள் ஏத்திக்கொண்டு போங்கோ” என்றார். கட்டிலுக்குக் கீழே இருந்த பற்றரியை மறுநாள் எடுத்துப் பூட்டினேன். லண்டனில் இருந்து வந்தது என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் யாழ்ப்பாணத்தில் கிளினிக். பக்கத்து வளவுக்காரர் முதல் நாள் வெள்ளைச் சேட்டு உடுத்து, பவுடர் பூசி வந்தார். அவர் கேட்ட ஓட்டம் கடைசியில் இப்படித்தான் கிடைத்தது. அவர் ஏற முன்பு, அவர் மனைவி ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து இருக்கையில் விரித்து நான்கு பக்கமும் செருகினார்.

“வேண்டாம் பிள்ளை. புண் காய்ஞ்சிட்டுதுதானே. அப்படியே இருக்கட்டும்.”

“இல்லை ஐயா, கிடக்கட்டும்” என்றார்.

ஐயா. அதுவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டவர். அவர் கணவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. எனக்குக் கேட்டது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் விரிப்பு வந்தது. ஒவ்வொரு தரமும் ஐயா.

வழியெல்லாம் பக்கத்து வளவுக்காரர் பேசிக்கொண்டே வருவார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கை காட்டுவார். கார் நின்ற இடமெல்லாம் ஆட்கள் கூடினால், வடலி அரிந்த கதையையும் நான் ஓடிய கதையையும் சொல்வார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருப்பேன். மறுத்துப் பேசினால் அடக்கம் என்று நினைத்தார்கள். பேசாமல் இருந்தாலும் அடக்கம் என்றே நினைத்தார்கள்.

கடைசிக் கிளினிக்கில், இனி வரத்தேவையில்லை, பெருவிரல் மட்டும் மடங்காது, நடையில் கொஞ்சம் சாய்வு இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது மண்கும்பானில் கடற்கரைப்பக்கம் திருப்பச் சொன்னார். பின்னேரம், ஆட்கள் இல்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணை, ஒண்டு கேப்பன், இல்லையெண்டு சொல்லக்கூடாது. ஒருக்கா அந்தப் பக்கம் இருந்து பாக்கட்டோ? எனக்கு மெசின் ஓடத் தெரியும்.”

இடம் மாறினோம். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினார். நான் சாவியைத் திருகச் சொன்னேன். எஞ்சின் பிடித்தது. கிளச்சை மிதிக்கச் சொன்னேன். இடது காலை வைத்து மிதித்தார். பாதி இறங்கியதும் பாதம் ஒரு பக்கம் சரிந்து நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவியது. மூன்றாம் தரம் முழங்காலைக் கையால் அமத்திப் பார்த்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

“இந்தக் காலுக்கு இது சரிவராது அண்ணை” என்று சிரித்தார்.

“கிளச்சை இலேசாக்கலாம். வேற மாதிரிப் பூட்டலாம். நான் செய்து தாறன்” என்றேன். அவசர அவசரமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சும்மா ஆசைக்குத்தானே கேட்டனான். இதுக்காகக் காரைக் கெடுக்கவேண்டாம். வாங்கோ போவம், மாடு கட்டவேணும்.”

வீட்டடியில் இறக்கிவிட்டேன். அவர் சாய்ந்து சாய்ந்து உள்ளே போனார். அவர் மனைவி வந்து இருக்கையிலிருந்த விரிப்பை உருவி எடுத்தார். உதறினார். மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

“இனிக் கிளினிக் இல்லையாம்” என்றேன்.

“ஓம் ஐயா, போனில சொன்னவர்.”

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனார். இனி இரண்டு கிழமைக்கு ஒருதரம் அவர் முன்னால் வந்து நிற்கவேண்டியதில்லை என்ற நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உண்மையாகவே நெஞ்சு இலேசானது. அப்படி இலேசானதை உணர்ந்தபோது, காரை விட்டு இறங்கி என் வீட்டுக்குள் போகக்கூட வெட்கமாக இருந்தது.